கேட்டலினா 30, ஜே/30: குடும்பப் பயணத்துக்கும் பந்தயத்துக்கும் எது பொருந்தும்?

கோவையில் வசித்துக்கொண்டு, கொச்சியில் நிறுத்திவைத்து, குடும்பத்தோடு கடலில் செல்லவும் அவ்வப்போது பந்தயத்தில் இறங்கவும் இந்த இரண்டு பழைய பாய்மரப் படகுகளில் எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். என் தேர்வு கேட்டலினா 30.

இரண்டுமே ஏறத்தாழ 30 அடி நீளமுள்ளவை என்றாலும், கேட்டலினாவின் எடை சுமார் 4,600 கிலோ, ஜே/30-இன் எடை சுமார் 3,200 கிலோ. ஆகவே மென்காற்றில் ஜே/30 தெளிவாக முந்தும். ஆனால் அதன் அடிக்கட்டையில், அதாவது படகு சாயாமல் காக்க உடலுக்கு அடியில் நீரில் நிற்கும் கனமான பகுதியில், உள்ள பாரம் 950 கிலோ மட்டுமே. கேட்டலினாவில் அது 1,900 கிலோ. காற்று வலுத்தால் ஜே/30-ஐச் சாயாமல் வைத்திருக்க, விளிம்பில் உட்காரப் பழகிய ஆட்கள் வேண்டும். வாளையாறு தாண்டி வார இறுதியில் வந்து சேரும் குடும்பத்தில் அத்தனை பேர் இருக்கமாட்டார்கள். பந்தயத்தில் மெதுவான படகுக்கு நேரச்சலுகை தரும் முறையும் உண்டு என்பதால், கேட்டலினாவோடும் மனநிறைவாகப் போட்டியிடலாம்.

வயதுதான் பெரிய கவலை. ஜே/30-இன் உடலும் மேல்தளமும், கண்ணாடியிழைப் படலங்களுக்கு நடுவே பால்சா மரம் வைத்துக் கட்டியவை. போல்ட் துளை வழியே நீர் இறங்கினால் மரம் ஊறி மக்கிவிடும். பொள்ளாச்சியில் தேங்காயைத் தட்டிப் பார்ப்பதுபோல், சிறு சுத்தியலால் மேல்தளத்தை அங்குலம் அங்குலமாகத் தட்டுங்கள்; கணீரென்ற ஒலி மொத்தென்று மாறும் இடத்தில் பழுது இருக்கக்கூடும். கேட்டலினாவில், அடிக்கட்டை உடலோடு சேரும் முன்பகுதியில் வெடிப்பு உண்டா என்று பாருங்கள். அதற்குப் படகைத் தண்ணீரிலிருந்து தூக்கியே ஆகவேண்டும். விற்பவர் அதற்குச் சம்மதிக்காவிட்டால் முன்பணம் கொடுக்காதீர்கள்.