இண்டக்‌ஷன் அடுப்புக்கும் ஓவனுக்கும் ஒரே வயர் போதுமா?

கேள்வி: எங்கள் வீடு கட்டிப் பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. மும்முனை இணைப்பு இருக்கிறது. ஒரு ஃபேஸ் போனால் அடுத்ததற்கு மாற்றிக்கொள்ள செலக்டர் சுவிட்சுகளும் உண்டு. சமையலறையைப் புதுப்பிக்கும்போது மேடையில் பதிக்கும் இண்டக்‌ஷன் அடுப்பும் (7,400 வாட்), அலமாரிக்குள் அமரும் ஓவனும் (3,000 வாட்) வாங்கினோம். கிரைண்டருக்குப் போட்ட பவர் பிளக்கிலேயே அடுப்பைச் சொருகிக்கொள்ளலாம் என்கிறார் எலெக்ட்ரீஷியன். லண்டனில் இருக்கும் என் அண்ணனோ, தன் வீட்டில் இரண்டும் ஒரே 32 ஆம்பியர் லைனில்தான் ஓடுகின்றன என்கிறார். எதைக் கேட்பது? – வாசகி, கோயம்புத்தூர்

பதில்: முதலில் எலெக்ட்ரீஷியன் சொன்னதைத் தள்ளிவிடுங்கள். 7,400 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 32 ஆம்பியர் வருகிறது. அந்தப் பிளக் தாங்குவது 16. கிரைண்டர் மோட்டார் கேட்பது அதில் ஒரு சிறு பங்குதான் என்பதால் இத்தனை வருடம் அந்தப் பிளக்கின் பலம் சோதிக்கப்படாமலேயே இருந்திருக்கிறது.

அண்ணன் சொல்வது அவர் ஊரைப் பொறுத்தவரை உண்மைதான். அடுப்பின் எல்லா வளையங்களும் ஓவனும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் எரிவதில்லை என்பதை வைத்து, சமையல் சாதனங்களின் மொத்த மின்னோட்டத்தில் முதல் 10 ஆம்பியரை முழுதாகவும், மீதியில் 30 விழுக்காட்டை மட்டுமே சேர்த்தும் கணக்கிடுவது பிரிட்டனில் வழக்கம். உங்கள் இரண்டு சாதனங்களும் சேர்ந்து 45 ஆம்பியர். அந்தக் கணக்கில் அது ஏறத்தாழ 20 ஆகச் சுருங்கிவிடும். ஆனால் அங்கே வயரின் தாங்குதிறனை 30 டிகிரி வெப்பத்தை வைத்து அளக்கிறார்கள். நம் சமையலறை சித்திரை மாதத்தில் எந்த நிலையில் இருக்கும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தீபாவளிக்கு முதல் நாள் ஒரு வளையத்தில் எண்ணெய், இன்னொன்றில் பாகு, மூன்றாவதில் சோறு, கீழே ஓவனில் பிஸ்கட் என்று நாம் சமைக்கும் முறையும் அந்தச் சலுகைக் கணக்குக்குப் பொருந்தாது. ஆகவே இரண்டுக்கும் தனித்தனி லைன் இழுப்பதே என் பரிந்துரை. செலவு சற்றுக் கூடினாலும், ஒன்று பழுதாகும்போது மற்றொன்றாவது வேலை செய்யும்.

அடுப்புக்கு மெயின் போர்டிலிருந்து நேராக 6 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) செம்பு வயர், 32 ஆம்பியர் எம்.சி.பி. (மின்னோட்டம் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச்); ஓவனுக்கு 2.5 ஸ்கொயர் வயர், 16 ஆம்பியர் எம்.சி.பி. இரண்டிலும் எர்த் வயர் தனியாக வர வேண்டும். வழியில் எங்கும் ஒட்டுப்போடக் கூடாது. அடுப்புக்குப் பிளக் வேண்டாம். ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துத் துண்டிக்கும் 32 ஆம்பியர் டபுள் போல் சுவிட்சை அடுப்பின் மேலே வைக்காமல், பக்கத்துச் சுவரில் கை எட்டும் இடத்தில் வையுங்கள். பாத்திரத்தில் தீப்பிடித்தால் அதைத் தாண்டிக் கை நீட்டும் நிலை வரக் கூடாது. ஓவனின் பிளக் அதன் முதுகுக்குப் பின்னால் இல்லாமல் பக்கத்து அலமாரிக்குள் இருப்பது நல்லது. இந்த இரண்டு லைன்களும், மின்கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வழியாக வரட்டும், எம்.சி.பி. காப்பது வயரை, ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி. தான்.

எலெக்ட்ரீஷியன் அவசரப்படக்கூடிய இடம் அடுப்பின் அடியில் இருக்கும் இணைப்புப் பெட்டி. பல அடுப்புகளில் அதற்குள் எல் 1, எல் 2 என்று இரண்டு ஃபேஸ் முனைகளும், இரண்டு நியூட்ரல் முனைகளும், எர்த் முனையும் இருக்கும். கூடவே சிறு பித்தளைத் தகடுகள் வரும். ஒரே ஃபேஸில் இணைப்பதானால் எல் 1, எல் 2 இரண்டையும் தகட்டால் சேர்க்க வேண்டும். இரண்டு ஃபேஸில் இணைப்பதானால் அந்தத் தகட்டைக் கட்டாயம் கழற்ற வேண்டும். கழற்றாமல் சுவிட்சைப் போட்டால் இரண்டு ஃபேஸ்களும் 400 வோல்ட்டில் நேருக்கு நேர் மோதிக்கொள்ளும். மூடியின் உட்புறத்திலோ கையேட்டிலோ இதற்கான படம் இருக்கும். பெட்டியை மூடுவதற்கு முன் அந்தப் படத்தை அவர் பார்த்தாரா என்று நீங்களே கேளுங்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. வயரின் இழைகளை அப்படியே திருகில் மாட்டாமல் லக் (வயர் நுனியில் மாட்டும் உலோக முனை) போட்டு அழுத்தி இறுக்கச் சொல்லுங்கள். இணைப்பு தளர்ந்து அங்கே பத்தில் ஒரு ஓம் தடை உண்டானாலே, 32 ஆம்பியர் ஓடும்போது பழைய 100 வாட் குண்டு பல்பின் சூடு அந்தச் சிறு பெட்டிக்குள் அடைபட்டுக் கிடக்கும்.

உங்கள் வீட்டில் செலக்டர் சுவிட்ச் இருப்பதால் ஒரே ஃபேஸ் இணைப்பே மேல். இரண்டு ஃபேஸில் பிரித்துக் கொடுத்தால் ஒவ்வொன்றிலும் 16 ஆம்பியர் ஓடும். வெவ்வேறு ஃபேஸ் என்பதால் நியூட்ரலிலும் ஏறக்குறைய 16 தான் திரும்பும். ஒரு ஃபேஸ் போய், நீங்கள் செலக்டரைத் திருப்பி இரண்டு லைனையும் ஒரே ஃபேஸுக்குக் கொண்டுவந்துவிட்டால், நியூட்ரலில் 32 ஆம்பியர் திரும்பும். ஃபேஸ் லைன்களில் 16 ஆம்பியர் எம்.சி.பி. இருந்தாலும் அவற்றுக்கு இது தெரியாது. அந்த நியூட்ரல் 2.5 ஸ்கொயர் வயராக இருந்தால் சுவருக்குள்ளேயே வெந்துகொண்டிருக்கும்.

வயரின் நிறத்திலும் ஒரு பொறி உண்டு. நம் வீட்டுச் சுவருக்குள் நீலம் என்பது சிவப்பு, மஞ்சளோடு சேர்ந்த மூன்றாவது ஃபேஸ், நியூட்ரல் கறுப்பு. ஐரோப்பிய முறையில் வரும் அடுப்பின் கேபிளிலோ நீலம்தான் நியூட்ரல், கறுப்பு ஒரு ஃபேஸ். நிறத்தோடு நிறத்தைச் சேர்ப்பவர் இரண்டையும் தலைகீழாக்கிவிடுவார். டெஸ்டரோடு நிறுத்தாமல் மல்டிமீட்டர் வைத்து அளந்து இணைக்கச் சொல்லுங்கள்.

வேலை தொடங்குமுன், உங்கள் மின் இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட மின்பளு எத்தனை கிலோவாட் என்று பாருங்கள். போதாவிட்டால் கூடுதல் பளுவுக்கு விண்ணப்பித்துவிட்டு, வயர்மேன் சான்று உள்ளவரிடம் வேலையைக் கொடுங்கள். அனுமதி கிடைக்கத் தாமதமானால், உச்ச அளவைக் குறைத்து வைக்கும் வசதி உங்கள் அடுப்பில் இருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள். பல இண்டக்‌ஷன் அடுப்புகளில் இருக்கிறது.

கேள்வி: இந்த லைன்களை இன்வெர்ட்டரில் சேர்க்கலாமா? – வாசகர், திருச்சி

பதில்: கூடாது. விளக்கு, மின்விசிறிக்காக வாங்கிய ஓர் இன்வெர்ட்டருக்கு ஒற்றை வளையமே பெரும்பாரம்.

கேள்வி: மழைக்காலம் முழுவதும் பயன்படுத்தாத ஓவனை இப்போது போட்டால் ஆர்.சி.சி.பி. விழுகிறது. பிளக்கில் எர்த் வயரைக் கழற்றிவிட்டுப் போட்டால் விழவில்லை. அப்படியே விட்டுவிடலாமா? – வாசகர், நாகர்கோவில்

பதில்: விடவே கூடாது. ஓவனின் ஹீட்டர் ஓர் உலோகக் குழல். உள்ளே கம்பிச்சுருளைச் சுற்றி மெக்னீசியம் ஆக்ஸைடு தூள் இறுக்கி அடைக்கப்பட்டிருக்கும். பயன்படுத்தாமல் கிடக்கும்போது அந்தத் தூள் குழலின் முனைகள் வழியே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பிறகு மின்சாரம் தூள் வழியாக ஓவனின் உடம்புக்குக் கசியும். எர்த் இருந்தவரை கசிவு அதன் வழியே ஓடியது. அதைக் கண்டுதான் ஆர்.சி.சி.பி. விழுந்தது. எர்த்தைக் கழற்றியதும் கசிவு நிற்கவில்லை, போக வழியின்றி உடம்பிலேயே தங்கியிருக்கிறது. ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று கதவைத் தொடுபவரே அதற்கு வழியாவார். பிளக்கைப் பிடுங்கி எர்த்தை மறுபடி இணைத்து, சர்வீஸ் ஆளை வரவழைத்து மெக்கரால் (மின்காப்பை அளக்கும் கருவி) சோதிக்கச் சொல்லுங்கள். ஈரம் மட்டும் காரணமென்றால் ஹீட்டரை உலர்த்தினால் அளவு சரியாகிவிடும். அப்போதும் தேறாவிட்டால் ஹீட்டரை மாற்றித்தான் ஆக வேண்டும்.