வேதியியல் வாத்தியார் பதில்கள்

கே: சார், மெண்டலீஃப் தனிமங்களை அணு எடைப்படி அடுக்கினார் என்று படித்தேன். எங்கள் ஆய்வகச் சுவரில் உள்ள தனிம வரிசை அட்டவணையில் டெலூரியம் 127.6, அதை அடுத்த அயோடின் 126.9 என்று இருக்கிறது. அச்சுப் பிழையா?
– பிளஸ் ஒன் மாணவி, திருமங்கலம்

ப: பிழை இல்லையம்மா. அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்து தேர்வெழுதிப் போகிறவர்கள் எத்தனையோ பேர். எண்களை ஒப்பிட்டுப் பார்க்கிறவர்கள் அபூர்வம். ஆர்கான்–பொட்டாசியம், கோபால்ட்–நிக்கல் ஜோடிகளையும் பார், அங்கேயும் இதே கூத்துதான்.

1869-ல் மெண்டலீஃப் கையில் இருந்தவை 63 தனிமங்கள். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழக மாணவர்களுக்குப் பாடநூல் எழுதிக்கொண்டிருந்தார். எதற்குப் பின் எதைச் சொல்லிக்கொடுப்பது என்ற தலைவலியில் பிறந்ததுதான் அட்டவணை. (வாத்தியார் வேலையில் பிறந்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.) எடைப்படி போனால் அயோடின்தான் முதலில் வரவேண்டும். ஆனால் அயோடின், குளோரினுக்கும் புரோமினுக்கும் பங்காளி. ஒரு ஹைட்ரஜன் அணுவோடு திருப்தியடையும். டெலூரியத்துக்கு, கந்தகத்தைப் போல, இரண்டு ஹைட்ரஜன் வேண்டும். ஆகவே டெலூரியத்தை முன்னால் உட்காரவைத்துவிட்டு, அதன் எடையைத்தான் தப்பாக அளந்திருக்கிறார்கள் என்று அடித்துச் சொன்னார்.

இடம் சரி, சொன்ன காரணம் தப்பு. எத்தனை பேர் அளந்தும் டெலூரியத்தின் எடை இறங்கிக் கொடுக்கவில்லை.

விடை 1913-ல் ஹென்றி மோஸ்லியிடமிருந்து வந்தது. தனிமங்களிலிருந்து கிளம்பும் எக்ஸ் கதிர்களின் அதிர்வெண்ணை ஒவ்வொன்றாக அளந்தார். அதிர்வெண்ணின் வர்க்கமூலம் ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒரே அளவாக ஏறிக்கொண்டு போனது. அப்படி ஏறுவது அணுக்கருவின் மின்சுமை, அதாவது புரோட்டான்களின் எண்ணிக்கை. நாம் அணு எண் என்கிறோமே, அதுதான். டெலூரியம் 52, அயோடின் 53. வரிசையைத் தீர்மானிப்பது இந்த எண், எடை அல்ல. எடை புரண்டதற்குக் காரணம் நியூட்ரான்கள்: இயற்கையில் கிடைக்கும் டெலூரியத்தில் பாதிக்கு மேல் 128, 130 நிறை எண் (புரோட்டான், நியூட்ரான் கூட்டுத்தொகை) கொண்ட கனத்த ஐசோடோப்புகள், அதாவது நியூட்ரான் கூடுதலாக உள்ள வகைகள், அயோடினோ 127 மட்டும்தான். மோஸ்லி 1915-ல் கல்லிப்போலிப் போரில் 27 வயதில் செத்துப்போனார். அவரையெல்லாம் துப்பாக்கி முனைக்கு அனுப்பியவர்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம்தான்.

கே: மெண்டலீஃபுக்கு முன்பே ஆங்கிலேயர் நியூலாண்ட்ஸ் இப்படி ஒரு வரிசையைச் சொல்லிவிட்டாரே, பெருமை மட்டும் ஏன் இவருக்கு?
– வாசகர், கோவில்பட்டி

ப: சொன்னார்தான். 1866-ல் லண்டனில், எடைப்படி அடுக்கினால் ஒவ்வொரு எட்டாவது தனிமமும் முதலாவதைப் போல இருக்கும் என்ற தன் எண்ம விதியைப் படித்தபோது, அகரவரிசையில் அடுக்கிப் பார்த்தீரா என்று ஒருவர் கிண்டலடித்தார். பாவம். ஆனால் மெண்டலீஃப் காலி இடம் விட்டார். அங்கே வரப்போகிறவற்றின் எடை, அடர்த்தி எல்லாம் எழுதிவைத்தார். 1875-ல் பிரான்சில் லெகாக் தெ புவாபொட்ரான் காலியத்தைக் கண்டுபிடித்து அடர்த்தி 4.7 என்றார். அந்த உலோகத்தைக் கண்ணால்கூடப் பார்க்காத மெண்டலீஃப், 5.9 இருக்கவேண்டும், சுத்தம் செய்து மறுபடி அளந்து பாருங்கள் என்றார். அளந்தார்கள். 5.9! அந்தத் துணிச்சலுக்குத்தான் பெருமை.

கே: இந்தக் கதையில் நம் நாட்டுக்கு ஏதாவது பங்கு உண்டா?
– வாசகி, ஓசூர்

ப: உண்டு. 1868 ஆகஸ்ட் 18-ல் முழுச் சூரிய கிரகணம். அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூரில் பிரெஞ்சுக்காரர் ஜான்சன் சூரியப் பிழம்புகளின் நிறமாலையை, அதாவது ஒளியைப் பிரித்தால் தெரியும் வண்ணக் கோடுகளை, பார்த்தார். அந்தப் பிழம்புகளில் தெரிந்த ஒரு மஞ்சள் கோடு சோடியத்தோடு பொருந்தவில்லை, அதுதான் ஹீலியம். பூமியில் அதை 1895-ல்தான் ராம்சே பிரித்தெடுத்தார். மெண்டலீஃபின் அட்டவணையில் ஹீலியம், ஆர்கான் போன்ற மந்த வாயுக்களுக்கு இடமே இல்லை. ஆர்கானைத் தனிமம் என்று ஒத்துக்கொள்ளாமல், மூன்று நைட்ரஜன் அணுக்கள் சேர்ந்ததாக இருக்கும் என்று சாதித்துப் பார்த்தார். கடைசியில் அவரே பூஜ்யத் தொகுதி என்று தனிப் பத்தி ஒதுக்கிக் கொடுத்துவிட்டார்.