செலரிப் பாத்தியும் கல்யாணமும்: நாவல் படிக்கும் மகளுக்குத் தர்க்கம் சொல்லித்தருவது எப்படி?

கேள்வி: நாங்கள் பென்சில்வேனியாவில், லாங்கஸ்டர் கவுண்டிக்குப் பக்கத்தில் இருக்கிறோம். மகளுக்கு 14 வயது. இரண்டு வருடமாக வீட்டிலேயே படிக்கிறாள். வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம். நூலகத்திலிருந்து ஆமிஷ், மெனோனைட் என்ற கிறிஸ்தவச் சமூகங்களைப் பற்றிய காதல் நாவல்களை அள்ளிக்கொண்டு வந்து, வாரத்துக்கு மூன்று நான்கு முடித்துவிடுகிறாள். முகம் சுளிக்கும்படி எதுவும் அவற்றில் இல்லை என்பதால் நான் தடுக்கவில்லை. தர்க்கம் சொல்லித்தரலாம் என்று ஒரு பாடப்புத்தகம் வாங்கினேன். மூன்றாம் பாடத்தோடு மூடிவிட்டாள். “மனிதர்கள் எல்லாரும் சாவார்கள், சாக்ரடீஸ் மனிதர், அதனால் சாவார். இதில் கற்றுக்கொள்ள என்னம்மா இருக்கிறது?” என்கிறாள். நாவலை நிறுத்திவிட்டுத் தர்க்கத்தைத் தொடங்கட்டுமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: நாவலை நிறுத்தாதீர்கள். உங்களுக்கு வேண்டிய பாடப்புத்தகம் அதுதான்.

உங்கள் மகள் கேட்டது நல்ல கேள்வி. சாக்ரடீஸ் சாவாரா என்பதில் யாருக்குமே சந்தேகம் கிடையாது. சந்தேகம் இல்லாத இடத்தில் தர்க்கத்துக்கு வேலையும் கிடையாது. அவள் படிக்கும் கதைகளிலோ பக்கத்துக்குப் பக்கம் சந்தேகம்தான். அவனுக்கு என்மேல் விருப்பம் உண்டா? நான் போய்விட்டால் அம்மா என்னோடு பேசுவாளா? பிஷப் ஏன் அப்படிப் பார்த்தார்? கதாநாயகி ஏதோ ஒரு அடையாளத்தைப் பார்த்து ஏதோ ஒரு முடிவுக்கு வந்துகொண்டே இருக்கிறாள். அதற்குப் பெயர்தான் அனுமானம்.

செலரியிலிருந்து தொடங்குங்கள். லாங்கஸ்டர் பகுதி ஆமிஷ் கல்யாண விருந்தில் செலரிக்குத் தனி இடம் உண்டு. கிரீம் சேர்த்து வேகவைத்துப் பரிமாறுவார்கள், பச்சைத் தண்டுகளை ஜாடியில் நிறுத்தி மேசை நெடுக வைப்பார்கள். அறுவடை முடிந்து நவம்பரையொட்டி, செவ்வாய் அல்லது வியாழக்கிழமையில் கல்யாணம் வைப்பது அங்கே பழைய வழக்கம். நிச்சயமான செய்தியைக் குடும்பம் முன்கூட்டியே வெளியே விடாது. ஆனால் கோடையில் அந்த வீட்டுத் தோட்டத்தில் செலரிப் பாத்தி வழக்கத்தைவிட நீளமாக இருந்தால் அக்கம்பக்கத்தார் கணக்குப் போட்டுவிடுவார்கள். வயதுக்கு வந்த பெண் இருக்கிறாள், பாத்தியும் நீளமாக இருக்கிறது, அப்படியென்றால் கல்யாணம்தான்!

இந்தக் காட்சி அவளுக்கு ஏற்கெனவே பழகியதாக இருக்கலாம். இதைச் சொல்லிவிட்டு மணிமேகலைக்கு வாருங்கள். காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை, அதாவது தர்க்கம் கற்பிக்கும்போது எடுத்துக்கொள்ளும் உதாரணம் மலையும் புகையும். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது என்பது நிறுவ வேண்டிய கூற்று. புகை இருப்பதால் என்பது ஏது, அதாவது காரணம். அடுக்களையைப் போல என்பது எடுத்துக்காட்டு. ஒரு இளம்பெண் உட்கார்ந்து தர்க்கம் கற்கும் காட்சி நம் காப்பியத்திலேயே இருக்கிறது என்பதை உங்கள் மகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

அப்புறம் இரண்டையும் பக்கத்தில் வைத்து அவளிடம் கேளுங்கள். நெருப்பில்லாமல் புகை வருமா? கல்யாணம் இல்லாமல் செலரி வருமா? புகை விஷயத்தில் பதில் சொல்லத் தயங்குவாள், சரிதான். செலரி விஷயத்தில் அவளே நாலு வழி கண்டுபிடிப்பாள். சந்தையில் விற்க நட்டிருக்கலாம். அக்கா மகள் கல்யாணத்துக்கு இங்கே நட்டிருக்கலாம். போன வருடம் பற்றாமல் போயிருக்கலாம். “அது இல்லாமலும் இது இருக்குமா?” என்று கேட்கப் பழகிவிட்டாலே தர்க்கத்தில் பாதி கிணறு தாண்டியாயிற்று.

அடுத்தது நாவலுக்குள். ஆமிஷ் இளைஞர்களுக்கு ஞாயிறு மாலை பாட்டுக் கூடுகை உண்டு. முடிந்ததும் பையன் தனக்குப் பிடித்த பெண்ணைத் தன் குதிரைவண்டியில் வீட்டில் கொண்டுபோய் விடுவான். இந்த வகை நாவல்களில் இது அடிக்கடி வரும் காட்சி. அவன் வேறொரு பெண்ணை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவதைக் கதாநாயகி பார்த்துவிடுகிறாள். அன்றிரவு முடிவு செய்துவிடுகிறாள்: அவனுக்கு விருப்பம் அவள்மேல். மீதி இருநூறு பக்கமும் அந்த ஒரு முடிவிலிருந்து முளைக்கிறது.

அவள் போட்ட கணக்கை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள்.

பிடித்திருந்தால் வண்டியில் அழைத்துப் போவான்.
அழைத்துப் போனான்.
ஆகவே பிடித்திருக்கிறது.

மேலே இருக்கும் இரண்டு வரிகளுக்கும் எடுகூற்று என்று பெயர், கடைசி வரி முடிவு. இரண்டு எடுகூற்றும் உண்மையாகவே இருந்தாலும் முடிவு பொய்யாகலாம். அந்தப் பெண்ணுக்குக் கால் சுளுக்கியிருக்கலாம், அவள் அவனுடைய சித்தி மகளாக இருக்கலாம். பின்னதை வைத்து முன்னதை உறுதிசெய்யும் பிழை இது. என் அனுபவத்தில் காதல் கதைகளில் பெரும்பாலானவை இப்படி மூன்றாம் அத்தியாயத்தில் நடந்த ஒரு தவறான அனுமானத்தை இருபதாம் அத்தியாயத்தில் அவிழ்ப்பவைதான். ஆகவே வாரம் ஒரு வேலை கொடுங்கள். இந்தக் கதை எந்த அனுமானத்தில் தொங்குகிறது? அந்த வாக்கியத்தைக் கண்டுபிடித்து, மேலே சொன்ன மாதிரி வரிவரியாக எழுதிக் கொண்டுவரட்டும்.

இனி நான் மிக முக்கியமாக நினைக்கும் பாடம். ஆங்கிலப் பாடப்புத்தகங்களில் பிள்ளைகள் தடுமாறும் இடம் ‘இருந்தால்’ என்பதற்கும் ‘இருந்தால் மட்டுமே’ என்பதற்கும் உள்ள வேறுபாடு. தமிழ் பேசும் பிள்ளைக்கு அது நாக்கிலேயே இருக்கிறது. ‘தான்’ என்ற ஒரு சொல் போதும்.

ஆமிஷ் சபையில் ஞானஸ்நானம் குழந்தைக்குக் கொடுப்பதில்லை. வளர்ந்த பிறகு, தானே முடிவெடுத்துப் பெறுவது அது. 1525-இல் சூரிக்கில் தொடங்கிய அனபாப்டிஸ்ட் இயக்கத்தின் அடித்தளமே அதுதான். அப்படிச் சேர்ந்தவர் வாக்கை மீறி மனம் திரும்பாமல் இருந்தால் சபை விலக்கி வைக்கும். சேராமலே வெளியேறிய பிள்ளைக்கு அந்த விலக்கு கிடையாது. ரும்ஸ்பிரிங்கா எனப்படும் பதின்ம வயதுக் காலத்தைப் பற்றிய கதைகளில் பதற்றம் எல்லாம் இந்த இடத்தில்தான் இருக்கும்: அவள் ஞானஸ்நானம் பெறுவதற்கு முன்பு போகிறாளா, பிறகா?

இரண்டு அட்டைகளில் எழுதி மேசைமேல் வையுங்கள். ஒன்றில், “ஞானஸ்நானம் பெற்றவள் போனால் விலக்குவார்கள்.” மற்றதில், “ஞானஸ்நானம் பெற்றிருந்தால்தான் விலக்குவார்கள்.” நம் கதாநாயகி ஞானஸ்நானம் பெறாமல் போய்விட்டாள். விலக்குவார்களா?

நான் இதைச் செய்த ஒரு மாலை நினைவிருக்கிறது. உங்கள் மகள் வயதுப் பெண் ஒருத்தி முதல் அட்டையைக் கையில் எடுத்து, “விலக்க மாட்டார்கள்” என்றாள். “இந்த அட்டையில் அப்படிப் போட்டிருக்கிறதா?” என்று கேட்டேன். திரும்பப் படித்தாள். உதடு அசைய இன்னொரு முறை படித்தாள். “பெறாதவளைப் பற்றி இது ஒன்றுமே சொல்லவில்லையே” என்று சொல்லி அட்டையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டாவதை எடுத்து ‘தான்’ மேல் விரலை வைத்தாள். அதற்குப் பிறகு நான் விளக்க எதுவும் மிச்சமில்லை.

இது வீட்டு வாழ்க்கைக்குள்ளும் வரும், தயாராக இருங்கள். “கணக்கை முடித்தால்தான் போன்” என்கிறீர்கள். முடித்துவிட்டு வந்து கேட்கிறாள், நீங்கள் மறுக்கிறீர்கள். உங்கள் வாக்கியம் கண்டிப்பாகப் பார்த்தால் மீறப்படவில்லை. முடிப்பது தேவை என்றுதான் சொன்னீர்கள், போதும் என்று சொல்லவில்லை. ஆனால் பேச்சு வழக்கில் நாம் இரண்டையும் சேர்த்தே உணர்த்துகிறோம், பிள்ளையும் அப்படித்தான் புரிந்துகொள்கிறாள். அவள் கோபம் நியாயம்தான். அதை ஒப்புக்கொண்டு, என்ன சொன்னோம், என்ன உணர்த்தினோம் என்று இருவரும் பேசுங்கள்.

‘எல்லா’, ‘சில’ பாடம் எளிது, ஓரிரு மாலையில் முடியும். ஆமிஷ் வண்டி எல்லாமே சாம்பல் நிறம் என்று லாங்கஸ்டர் பக்கம் இருப்பவர்கள் நினைப்பார்கள். ஒஹாயோவில் கறுப்பு. பென்சில்வேனியாவிலேயே மிஃப்லின் கவுண்டியில் மஞ்சள் கூரை, வெள்ளைக் கூரை வண்டிகளும் ஓடுகின்றன. ஒரு மஞ்சள் வண்டி போதும், ‘எல்லா’ விழுந்துவிடும். இதேபோல, ஆமிஷ் மக்கள் அனபாப்டிஸ்டுகள், மெனோனைட் மக்களும் அனபாப்டிஸ்டுகள், ஆகவே இருவரும் ஒன்று என்று எழுதிக் காட்டி ஓட்டையைக் கேளுங்கள். யாக்கோப் அம்மான் என்ற தலைவரைப் பின்பற்றியவர்கள் 1693-இல் பிரிந்துபோனார்கள், அவர்கள்தான் ஆமிஷ். இன்றைக்கு மெனோனைட்களில் பெரும்பாலோர் கார் ஓட்டுகிறார்கள், குதிரைவண்டியை விடாத பழைய ஒழுங்கு மெனோனைட்களும் இருக்கிறார்கள்.

இங்கே ஒன்றை மென்மையாகச் சொல்லிவையுங்கள். இந்த நாவல்களை எழுதுபவர்களில் பெரும்பாலோர் ஆமிஷ் அல்லர், வெளியிலிருக்கும் கிறிஸ்தவ எழுத்தாளர்கள். “நாவலில் வந்தது, ஆகவே ஆமிஷ் மக்கள் அப்படித்தான்” என்பதும் ஓர் அனுமானம், அதையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். புத்தகத்தின்மேல் அவளுக்கு இருக்கும் பிரியத்தைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. மூலம் எது என்று கேட்கும் பழக்கம் வர வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு மூன்று மாதம் போன பிறகு உண்மையான வழக்கு ஒன்றை அவள் கையில் கொடுங்கள். விஸ்கான்சினில் அப்போது 16 வயதுவரை பள்ளி கட்டாயமாக இருந்தது. ஆமிஷ் சமூகம் எட்டாம் வகுப்போடு நிறுத்தும். பிள்ளைகளை உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பாததற்காக மூன்று தந்தையருக்குத் தலா 5 டாலர் அபராதம் விதித்தார்கள். அந்த 5 டாலர் வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போய், 1972-இல் பெற்றோர் பக்கம் தீர்ந்தது. விஸ்கான்சின் எதிர் யோடர் என்பது அதன் பெயர். தீர்ப்பு யாரும் படிக்கலாம், இணையத்தில் இருக்கிறது.

மூன்று வாதங்கள் அதில் தெளிவாக நிற்கின்றன. பிள்ளைகள் தன் காலில் நிற்கவும் நல்ல குடிமக்களாகவும் படிப்பு தேவை என்றது அரசு. உயர்நிலைப் பள்ளி எங்கள் விசுவாச வாழ்வுக்கு எதிராக இழுக்கிறது, வேலையை நாங்கள் வீட்டிலும் வயலிலும் கற்பிக்கிறோம் என்றார்கள் பெற்றோர். மூன்றாவது நீதிபதி டக்ளஸுடையது. அவர் ஒரு பகுதியில் மாறுபட்டு, பிள்ளையின் விருப்பத்தைக் கேட்க வேண்டாமா என்றார். அந்தப் பிள்ளை பியானோ கலைஞராகவோ விண்வெளி வீரராகவோ கடல் ஆய்வாளராகவோ ஆக விரும்பலாமே என்று எழுதினார்.

ஒவ்வொன்றையும் எடுகூற்று, முடிவு என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். பிறகு, சொல்லாமல் தொக்கி நிற்பது எது என்று கேளுங்கள். வேற்றுமைத் தொகையில் உருபு மறைந்திருப்பதுபோல வாதத்திலும் எடுகூற்று மறைந்திருக்கும். பெற்றோர் வாதத்தில் அவள் அதைக் கண்டுபிடிப்பாள்: பெற்றோரின் நம்பிக்கையே பிள்ளையின் நம்பிக்கையும். அரசின் வாதத்தில் இன்னொன்று: குடிமக்களாவதற்கான படிப்பு பள்ளிக்கூடத்தில்தான் கிடைக்கும். பாருங்கள், அங்கேயும் ஒரு ‘தான்’.

அன்றைக்கு உங்கள் மகள், “அம்மா, வீட்டில் படிக்க எனக்கு விருப்பமா என்று என்னைக் கேட்டீர்களா?” என்று கேட்கக்கூடும். கேட்டால் சந்தோஷப்படுங்கள். அவசரமாகப் பதில் சொல்லாமல், உங்கள் காரணங்களையும் அதே மாதிரி வரிவரியாக எழுதிக் காட்டுங்கள். அவள் ஓட்டை கண்டுபிடித்தால் திருத்துங்கள்.

பிழைகளின் பெயர்ப் பட்டியலை மட்டும் முதலில் கொடுக்காதீர்கள். நான் ஒருமுறை அப்படிச் செய்து, ஒரு பையன் தன் பாட்டியைச் சாப்பாட்டு மேசையில் அழவைத்துவிட்டான். அதன் பிறகு என் வகுப்பில் ஒரே விதி வைத்தேன். எதிராளியின் வாதத்தை நீ முதலில் சொல்ல வேண்டும். “ஆமாம், இதைத்தான் சொன்னேன்” என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகே மறுக்கலாம். கதாநாயகியை வீட்டை விட்டுப் போகாதே என்று தடுக்கும் தந்தையின் வாதத்தை, அவர் ஒப்புக்கொள்ளும்படி எழுதிக் காட்டுவது இதற்கு நல்ல பயிற்சி. அவரைக் கல்நெஞ்சராக எழுதினால் தாளைத் திருப்பிக் கொடுங்கள்.

நேரம்: வாரத்தில் மூன்று நாள், இருபது இருபத்தைந்து நிமிடம் போதும். நீங்கள் வாங்கிய பாடப்புத்தகத்தைத் தூக்கிப்போட வேண்டாம். நாலாவது மாதம் குறியீடுகளுக்கும் உண்மை அட்டவணைக்கும் அது தேவைப்படும், அப்போது அவளுக்கே அதில் ருசி தட்டும். தமிழில் இன்னும் படிக்க ஆசைப்பட்டால், இலங்கையில் உயர்தர மாணவர்களுக்கு அளவையியலும் விஞ்ஞான முறையும் என்ற பாடமே தமிழில் இருக்கிறது. அதற்கான நூல்களைத் தேடிப்பாருங்கள்.

பென்சில்வேனியா சட்டம் உயர்நிலை வகுப்புகளுக்குக் கேட்கும் பாடங்களில் தர்க்கம் தனியாக இல்லை. ஆனால் படித்த நூல்களின் தலைப்புகளைப் பதிவேட்டில் எழுதியாக வேண்டும் என்பதால் இந்த நாவல்களையும் அதில் சேருங்கள். அவள் எழுதிய தாள்களைத் தேதி போட்டு ஆங்கிலப் பாடத்தின் கட்டுரைப் பகுதியோடு கோப்பில் வைக்கலாம். யோடர் வழக்கைக் குடிமையியலில் காட்டலாம். வருட முடிவில் மதிப்பீட்டாளர் பார்க்கும்போது உதவும்.

முதல் வாரத்துக்குச் செலரி மட்டும் போதும். இப்போது படித்துக்கொண்டிருக்கும் நாவலை அவள் நிம்மதியாக முடிக்கட்டும், நடுவில் எதையும் கேட்காதீர்கள்.