எண் கோட்பாட்டில் பிஎச்.டி.: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

வணக்கம் அம்மா. எம்.எஸ்சி. கணிதம் முடிக்கப்போகும் மகள், ஐ.டி. கம்பெனிப் பக்கமே போகாமல், ‘அபீலியன் வெரைட்டிகளில் புள்ளிகளின் உயரத்துக்குக் கீழ் எல்லை’ என்று ஏதோ சொல்கிறாள், இது பிழைப்புக்கு உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கவலைதான். அவள் சொல்வது என்னவென்று முதலில் பார்த்துவிடுவோம்.

3-இன் கனம் 27. அதில் 2 போனால் 25, அதாவது 5-இன் வர்க்கம். இதேபோல் கனத்தில் 2-ஐக் கழித்தால் வர்க்கம் வருகிற பின்னங்கள் வேறு உண்டா? இப்படிப்பட்ட சமன்பாடுகள் வரையும் வளைவுக்கு எலிப்டிக் கர்வ் என்று பெயர், அதன் கணிதத்தில் ஒரு விடையிலிருந்து இன்னொன்றைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. 3-இலிருந்து 129/100 வரும். அதிலிருந்து 2340922881/58675600. போகப்போக இலக்கங்கள் ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ நான்கு மடங்காகும். இந்த வளர்ச்சியை அளப்பதுதான் ‘உயரம்’. ஒவ்வொரு விடையும் வளைவின் மேல் ஒரு புள்ளி. சில வளைவுகளில் சில புள்ளிகள் சுற்றிச் சுற்றிப் பழைய இடத்துக்கே வந்துவிடும். அவற்றின் உயரம் பூஜ்யம். மற்றவற்றின் உயரம் எவ்வளவு வரை குறையலாம் என்பதுதான் உங்கள் மகளின் கேள்வி. செர்ஜ் லாங் என்ற கணித அறிஞர் இதற்கு ஓர் அனுமானம், அதாவது நிரூபிக்கப்படாத ஊகம், வைத்தார். எண் கோட்பாட்டின் இன்னொரு பெரிய ஊகமான ஏபிசி அனுமானம் சரியென்றால், எலிப்டிக் கர்வுகளுக்கு இதுவும் சரி என்று ஹிண்ட்ரி, சில்வர்மேன் என்ற கணித அறிஞர்கள் 1988-இல் நிறுவினார்கள். முழு நிரூபணம் இன்னும் இல்லை. அபீலியன் வெரைட்டி என்பது எலிப்டிக் கர்வின் பல பரிமாண வடிவம். அங்கே நிரூபிக்க வேண்டிய பாக்கி இன்னும் அதிகம்.

பிழைப்புக்கு வருவோம். வாட்ஸ்அப் செய்திகளைப் பூட்டி அனுப்பும் முறையில் எலிப்டிக் கர்வ் இருக்கிறது. 1985-இல் கோப்லிட்ஸ், மில்லர் என்ற கணித அறிஞர்கள் இருவரும் தனித்தனியாக முன்வைத்த யோசனை அது. அந்தப் பூட்டை உடைக்க 1998-இல் அதே சில்வர்மேன் ஒரு வழி சொன்னார். பெரிய எண்களுக்கு அது எடுபடாது என்று பிறகு அவரும் சேர்ந்து செய்த ஆய்விலேயே தெரிந்தது. அதற்கான காரணத்தில் இந்த உயரக் கணக்குக்கு முக்கியப் பங்கு உண்டு. ஆகவே தகவலைப் பூட்டிக் காக்கும் கிரிப்டோகிராஃபி வேலைகளுக்கு இந்தப் படிப்பு வீண்போகாது. கூடவே பைத்தான் என்ற கணினி மொழியும், சேஜ் என்ற கணித மென்பொருளும் பழகச் சொல்லுங்கள். அதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சிரமத்தையும் சொல்லிவிடுகிறேன். பிஎச்.டி.க்கு ஐந்து வருடமாவது ஆகும். அப்புறம் போஸ்ட்டாக் என்ற தற்காலிக ஆராய்ச்சி வேலையில் சில வருடங்கள், பெரும்பாலும் வெளிநாட்டில். நிரந்தரப் பேராசிரியர் இடங்கள் குறைவு. ஆனால் கைப்பணம் செலவாகாது: தேசிய அளவிலான நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகைத் தகுதி கிடைத்தால் தொடக்கத்தில் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, வீட்டு வாடகைப் படி தனி. சென்னையிலேயே தரமணியில் கணித அறிவியல் நிறுவனமும், சிறுசேரியில் சென்னை கணிதக் கழகமும் இருக்கின்றன.

நெட், என்.பி.எச்.எம். (தேசிய உயர்கணித வாரியம்), டி.ஐ.எஃப்.ஆர். (மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனம்) மூன்று தேர்வுகளையும் எழுதட்டும். இடம் கிடைத்தால், நிறுவனத்தின் பெயரைவிட இந்தத் துறையிலேயே வேலை செய்கிற வழிகாட்டி அங்கே இருக்கிறாரா, அவரிடம் படித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். கல்யாணப் பேச்சை அந்தத் தேர்வுகள் முடியும் வரையாவது தள்ளிவையுங்கள், அம்மா.