ஒரே மரபணு, இரண்டு விதமான வேர்

கேள்வி: அம்மா, வணக்கம். எங்கள் வயல் மண் அமில மண்; அதன் பி.எச். (குறையக் குறைய அமிலம் அதிகம்) 4.6, கரையும் அலுமினியம் அதிகம் என்று சோதனையில் வந்தது. சுண்ணாம்பு போட்டோம். ஆனாலும் மழை தள்ளிப்போனால் கோதுமை வாடிவிடுகிறது. அதே வயலில் இன்னொரு ரகம் தாக்குப்பிடிக்கிறது. அதில் மட்டும் இருக்கும் மரபணு எது?

பதில்: "அதில் மட்டும்" என்று எழுதியிருக்கிறீர்களே, நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

முதலில் வாட்டத்தைப் பார்ப்போம். அலுமினியம் எல்லா மண்ணிலும் உண்டு. களித்துகளுக்குள் சும்மா கிடக்கும். பி.எச். 5-க்குக் கீழே போனால் கரைந்து வெளியே வந்து வேர் நுனியைப் பிடித்துக்கொள்ளும். சில மணி நேரத்திலேயே வேர் நீள்வது நின்று, கட்டையாகத் தடித்துப் போகும். நீங்கள் போட்ட சுண்ணாம்பு உழுத ஆழத்தோடு தங்கிவிடும், கீழே இறங்க ஆண்டுக்கணக்கில் ஆகும். அடிமண்ணில் ஈரம் இருந்தும் அங்கே போக வேர் இல்லை. அதனால்தான் வாட்டம்.

ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது என்னிடம் இரண்டு கோதுமை வரிசைகள், அதாவது தனித்தனி விதை வழிகள், கொடுத்தார்கள். கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் ஒன்று. அலுமினியத்தைத் தாங்குவதில் மட்டும் வேறு. வழக்கமான ஊட்டக் கரைசலில் அலுமினியத்தைக் கலந்து நாற்றுகளை வைத்தேன். இரண்டின் வேரும் ஜோராக வளர்ந்தன! "இரண்டுமே தாங்குகின்றன" என்று குறிப்பேட்டில் எழுதியும் விட்டேன். வழிகாட்டி வந்து பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "பாஸ்பேட் போட்டியாம்மா?" போட்டிருந்தேன். பாஸ்பேட் அலுமினியத்தைப் பிடித்து அடியில் படிய வைத்துவிட்டது. வேர் அதைப் பார்க்கவே இல்லை.

அப்புறம் வெறும் கால்சியம் குளோரைடு கரைசலில், பி.எச். 4.3-இல் வைத்தேன். மறுநாள் ஹீமாட்டாக்சிலின் சாயத்தில் தோய்த்தால், ஒரு வரிசையின் நுனிகள் கத்தரிப்பூ நிறமாகிவிட்டன: அலுமினியம் உள்ளே ஏறியதன் அடையாளம். மற்றது வெளுப்பாகவே இருந்தது. அந்த வேர் மாலேட் என்ற கரிம அமிலத்தைக் கக்கி, அலுமினியத்தை வெளியிலேயே கட்டிப்போட்டுவிடுகிறது.

மாலேட் வெளியேறும் வாய்க்காலை உருவாக்கும் ஏ.எல்.எம்.டி.1 மரபணுவை 2004-இல் கோதுமையில் கண்டுபிடித்தார்கள். இது இரண்டு வரிசையிலும் இருக்கிறது! அதிலிருந்து வரும் புரதமும் ஏறக்குறைய ஒன்றுதான், இரண்டுமே வேலை செய்யும். தாங்கும் கோதுமைகள் பலவற்றில் மரபணுவுக்கு முன்னால் உள்ள கட்டுப்பாட்டுப் பகுதியில் சில துண்டுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அதனால் வேர் நுனியில் புரதம் அதிகமாக உருவாகிறது. ஆக, உங்கள் வாடும் ரகத்திடமும் மரபணு இருக்கலாம். முடுக்கம்தான் போதவில்லை.

பார்லியில் கதை இன்னும் சுவையானது. அதன் சிட்ரேட் கடத்தி (மாலேட் போன்ற இன்னொரு கரிம அமிலமான சிட்ரேட்டை வெளியேற்றும் புரதம்) வேரிலிருந்து இரும்பை மேலே நகர்த்த உதவும் வேலையில் இருந்தது. அதன் மரபணுவின் முன்பகுதியில் சுமார் 1,000 டி.என்.ஏ. எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு வந்து செருகிக்கொண்டதும், அதே மரபணு வேர் நுனியிலும் இயங்கத் தொடங்கி அலுமினியத்தைச் சமாளிக்கிறது. சோளத்தில் 2007-இல் கண்டுபிடித்த எஸ்.பி.மேட் மரபணுவும் சிட்ரேட்டைத்தான் வெளியேற்றுகிறது.

மாற்ற வழி உண்டு. கோதுமைக்குக் கோதுமை என்றால் வழக்கமான கலப்பினச் சேர்க்கையே போதும்; நாற்றிலேயே வேரைச் சாயத்தில் தோய்த்துத் தேர்ந்தெடுக்கலாம். சுண்ணாம்பை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: அந்த மரபணு எப்போதும் முழுவீச்சில் ஓடினால் என்ன?

பதில்: கரிமச் செலவு. மாலேட் என்பது இலை உழைத்துச் சேர்த்த சொத்து. கோதுமையில் வாய்க்கால் எப்போதும் பதித்திருக்கும். ஆனால் அலுமினியம் வந்து தொட்டால்தான் மதகு திறக்கும். ஆய்வகங்களில் சோதனைக்கு வளர்க்கும் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடி இன்னும் சிக்கனம்: அலுமினியம் வந்த பிறகுதான் வாய்க்காலையே வெட்டுகிறது. அதற்கு உத்தரவு போடும் புரதத்தின் பெயர் ஸ்டாப்1. பெயர்தான் ஸ்டாப், வேலை கிளப்பிவிடுவது! சாதாரண நாளில் அந்தப் புரதத்தைச் செல் சிதைத்துக்கொண்டே இருக்கும். அலுமினியம் வந்தால் சிதைவது குறைந்து புரதம் சேரும். நெல்லில் அதன் உறவுக்காரர் ஆர்ட்1, 2009-இல் கண்டறிந்தார்கள். சுமார் 30 மரபணுக்கள் அதன் சொல் கேட்கின்றன. சிட்ரேட்டை வெளியேற்றுவது, செல்சுவரைச் சீராக்குவது, உள்ளே நுழைந்த அலுமினியத்தை நுண்குமிழிக்குள் பூட்டுவது எல்லாம் அதில் அடக்கம். தானியப் பயிர்களில் நெல் அலுமினியத்தை நன்றாகவே தாங்குகிறது என்றால் சும்மா இல்லை.

கேள்வி: அலுமினியத்தை விரும்பும் செடி உண்டா?

பதில்: தேயிலை. அதன் வேர் அலுமினியம் இருந்தால் இன்னும் நன்றாக வளரும்; முதிர்ந்த இலைகளில் அதைச் சேர்த்தும் வைக்கும். ஹைட்ரேஞ்சியா பூவின் நீல நிறமும் அலுமினியத்தால் வருவதுதான்.