கேள்வி – பதில்: எழுத்துகளுக்கு நடுவே எவ்வளவு இடம்?

கேள்வி: பள்ளி ஆண்டு விழாவுக்காக ‘நாடகம்’ என்ற சொல்லைப் பெரிய எழுத்தில் அமைத்து பிளெக்ஸ் அடித்தோம். கணினித் திரையில் குறையெதுவும் தெரியவில்லை. கம்பத்தில் கட்டிய பிறகு ‘நாட கம்’ என்று இரண்டு சொற்களாகத் தெரிகிறது. பிழை எழுத்துருவிலா, என்னிடத்திலா? – ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: பிழை ‘ட’ என்ற எழுத்தின் வடிவத்தில் இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். இடப்பக்கம் ஒரு நிமிர்ந்த கோடும் அடியில் ஒரு படுத்த கோடுமாக அமைந்த ‘ட’வின் வலப்பக்க மேற்பகுதி முழுவதும் வெற்றிடம், ஆனால் கணினியோ அந்த வெற்றிடத்தையும் எழுத்தின் உடம்பாகவே கணக்கிட்டு, அது முடிந்த பிறகே ‘க’வை வைக்கிறது. பன்னிரண்டு புள்ளி (பாயிண்ட்) அளவில் கண்ணுக்குத் தட்டுப்படாத அந்த இடைவெளி, எழுத்து பத்தடி உயரமானால் தானும் அதே விகிதத்தில் வளர்ந்து, சொல்லையே பிளந்துவிடுகிறது.

இவ்வாறு குறிப்பிட்ட இரண்டு எழுத்துகளுக்கு நடுவே மட்டும் இடத்தைக் கூட்டுவதும் குறைப்பதும்தான் கெர்னிங். ஈய எழுத்துகளில், தன் உலோகக் கட்டையின் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்த எழுத்துப் பகுதிக்கு ‘கெர்ன்’ என்று பெயர். அதிலிருந்து வந்த சொல் இது. அக்காலத்தில் இடத்தைக் கூட்டுவது எளிது, மெல்லிய தாள் துண்டு ஒன்றைச் செருகினால் போதும். குறைப்பதுதான் பெரும்பாடு, எழுத்தின் பக்கத்தையே அரத்தால் ராவ வேண்டியிருந்தது. இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் ‘ட’வுக்கும் ‘க’வுக்கும் நடுவே கர்சரை வைத்து, ஆல்ட் விசையுடன் இடப்பக்க அம்புக்குறியைத் தட்டினால், மாற்றாத அமைப்பில் ஒரு தட்டுக்கு எழுத்தளவில் ஆயிரத்தில் 20 பங்கு குறையும். 72 புள்ளி எழுத்தில் அது 1.44 புள்ளி, அதாவது ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்.

நெருக்குவது மட்டுமே கெர்னிங் அன்று. ‘அப்பம்’ என்று பெரிதாக எழுதிப் பாருங்கள். முதல் ‘ப்’பின் வலக்கோடும் அடுத்த ‘ப’வின் இடக்கோடும், அதன் வலக்கோடும் ‘ம்’மின் இடக்கோடும் அடுத்தடுத்து நிமிர்ந்து நிற்பதால், சொல் வேலிப்படல் போலத் தோன்றும், அங்கே சிறிது விலக்க வேண்டும். அளவுகோலால் அளந்து எல்லா இடைவெளியையும் சமமாக்கினால் கண்ணுக்குச் சமமாகத் தெரியாது. அச்சுப்படியைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். சொல்லின் பொருள் மறைந்து, எழுத்துகளுக்கு நடுவிலுள்ள வெள்ளை மட்டும் தெரியும். எந்த மென்பொருளின் தானியங்கி வசதியையும்விட இந்தப் பழைய வழியையே நான் நம்புகிறேன்.

கேள்வி: திருமண அழைப்பிதழில் மணமகளின் பெயரான ‘கௌரி’ என்பதை எடுப்பாகக் காட்ட எழுத்துகளைப் பரப்பி அமைத்தேன். பெண் வீட்டார் எழுத்துப் பிழை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். – ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அவர்கள் திருப்பி அனுப்பியது நியாயமே. சொல் முழுவதற்கும் ஒரே அளவில் இடம் கூட்டுவது டிராக்கிங் எனப்படும். ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்கு அழகு சேர்க்கும் அந்த உத்தியை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால், ஓர் உயிர்மெய்யின் உறுப்புகளே ஒன்றைவிட்டு ஒன்று விலகிவிடுகின்றன. ‘கௌ’ ஒரே எழுத்தாயினும் கொம்பு, ககரம், ‘ள’ போன்ற குறி என மூன்று துண்டுகளாகவே கண்ணுக்குத் தெரிகிறது. அவற்றைப் பிரித்தால் ‘கெளரி’ என்று, நடுவில் உண்மையான ளகரம் வந்ததுபோலப் படிக்க நேரும். (தட்டச்சிலேயே அப்படி அடிப்பவர்கள் ஏராளம் என்பது வேறு வருத்தம்.) ‘மேளம்’ போன்ற சொற்களில் கொம்பு தன் மகரத்தைவிட்டு விலகித் தனியே நின்றுவிடும்.

கொம்பையும் காலையும் தனி எழுத்துகளாக அடிக்கும் பழைய எழுத்துருக்களில் இந்தப் பிளவு கட்டாயம் நேரும். யூனிகோடில், உயிர்மெய்யை ஓர் அலகாக அறியும் மென்பொருள் அதைச் சிதைக்காது. ஆனால் எல்லா மென்பொருளும் அப்படி நடந்துகொள்வதில்லை. ஆகவே டிராக்கிங்கைச் சுழியமாக்கிவிட்டு, ‘கௌ’வுக்கும் ‘ரி’க்கும் நடுவே மட்டும் கையால் இடம் கொடுங்கள். எடுப்பு போதவில்லையெனில் அகன்ற எழுத்துரு ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

கேள்வி: எங்கள் சங்க மடலில் இருபுறமும் வரிகளைச் சமன்செய்தால், சில வரிகளில் எழுத்துகள் தனித்தனியே நிற்கின்றன. – ஒரு வாசகர், சிவகாசி

பதில்: வரியை நிரப்ப எழுத்திடைவெளியைக் கூட்டிக்கொள்ள மென்பொருளுக்கு நீங்கள் அனுமதி கொடுத்திருக்கிறீர்கள். சமன்செய்தல் அமைப்பில் எழுத்திடைவெளிக்கான மூன்று கட்டங்களிலும் சுழியம் இடுங்கள்; கூடுதல் இடம் சொற்களுக்கு நடுவே மட்டும் போகும். குறுகிய பத்தியில் ‘நடைபெற்றுக்கொண்டிருக்கின்றன’ போன்ற சொல் அடுத்த வரிக்குத் தாவினால் முந்தைய வரி ஓட்டை விழும் என்பதால், பத்தியை அகலமாக்குங்கள், அல்லது வலப்பக்கத்தைச் சமன்செய்யாமல் விட்டுவிடுங்கள். சொல்லை உடைத்தே ஆக வேண்டுமெனில், புள்ளி வைத்த எழுத்து அடுத்த வரியின் தொடக்கத்தில் வராதபடி உடையுங்கள்: ‘நடைபெற்’ என்று ஒரு வரி முடியலாம், ‘ற்றுக்’ என்று அடுத்தது தொடங்கக் கூடாது.