பாம்பு கடித்தது காலில்; அட்ரினல் வேலை செய்யவில்லை என்கிறார்களே, எப்படி?

கேள்வி இதுதான்: பர்மாவில் பெகு பக்கம் நெல் அறுக்கும்போது அப்பாவைக் கண்ணாடி விரியன் கடித்து 2 வருடம் ஆகிறது. இப்போது ஓயாத சோர்வு, எழுந்து நின்றால் தலைசுற்றல். ரங்கூன் டாக்டர், அட்ரினல் சுரக்கும் கார்ட்டிசோல் என்ற ஹார்மோன் குறைவு என்கிறார். ஸ்கேனில் இரண்டு அட்ரினலும் இருக்கவேண்டியபடி இருக்கின்றன. பக்கத்து வீட்டுக்காரர் டிபியாக இருக்கும் என்கிறார்.

ஸ்கேனில் தெரிந்ததும் சரி, டாக்டர் சொன்னதும் சரி. பழுது பெரும்பாலும் அட்ரினலில் இல்லை. அதற்கு உத்தரவு அனுப்பும் பிட்யூட்டரி சுரப்பியில், மூளையின் அடியில் இருக்கிறது.

அட்ரினல் என்பது ஒவ்வொரு சிறுநீரகத்தின் தலையிலும் உட்கார்ந்திருக்கும் 4, 5 கிராம் சதை. வலப்பக்கத்தது முக்கோணம், இடப்பக்கத்தது பிறை. நடுவில் இருக்கும் பகுதி நரம்பின் கட்டளைக்கு அட்ரினலின் சுரக்கும். அதைச் சுற்றிய புறணியில் மூன்று அடுக்கு. வெளி அடுக்கின் ஆல்டோஸ்டிரோன் உடம்பில் உப்பைப் பிடித்து வைத்துப் பொட்டாசியத்தை வெளியேற்றும். நடு அடுக்கு கார்ட்டிசோல் தரும், உள் அடுக்கு ஆண்தன்மை ஹார்மோன்களுக்கான மூலப்பொருளைத் தரும். நடுவும் உள்ளும் பிட்யூட்டரியிலிருந்து ஏசிடிஎச் என்ற உத்தரவு ஹார்மோன் வந்தால்தான் அசையும். வெளி அடுக்கு அதை எதிர்பார்ப்பதில்லை. சிறுநீரகத்தின் ரெனினையும் ரத்தத்துப் பொட்டாசியத்தையும் பார்த்து நடந்துகொள்ளும். அப்பாவின் நோய் முழுக்க இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

விரியன் விஷம் ரத்தத்தை உறையவைக்கும் பொருள்களைத் தாறுமாறாகக் கிளப்பிவிடும். நுண்குழாய்களில் துளித்துளியாக ரத்தக்கட்டிகள் அடைக்கும். உறைபொருள் தீர்ந்துபோனதும் ரத்தம் உறையாமல் கசியும். பிட்யூட்டரி பட்டாணி அளவுதான். ரத்த ஓட்டம் நின்றாலும் உள்ளே ரத்தம் கசிந்தாலும் அது தாங்காது. பிரசவத்தில் அதிக ரத்தம் போன பெண்களுக்கு வரும் ஷீஹன் நோய்க்கும் இதற்கும் முடிவு ஒன்றே. பர்மாவில் பார்த்த இத்தகைய நோயாளிகளைப் பற்றி 1987-லேயே லான்செட் மருத்துவ இதழில் கட்டுரை வந்துவிட்டது, தென்னிந்தியாவிலும் கண்டிருக்கிறார்கள். கடிபட்ட எல்லாருக்கும் வருவதில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் எல்லார் கண்ணும் சிறுநீர் பிரிகிறதா என்பதிலேயே இருப்பதால், வந்தவர்களிலும் பலருக்கு இது தப்பிவிடுகிறது. வீட்டுக்கு வந்தபின் 'விஷம் இன்னும் முறியவில்லை' என்று பத்தியம் போட்டு வருடங்களை ஓட்டுவார்கள்.

டிபி சந்தேகம் வீண் சந்தேகம் அல்ல. டிபி இரண்டு அட்ரினலையும் நேராகவே அரிக்கும். அப்போது ஏசிடிஎச் எகிறி, உள்ளங்கை ரேகை, ஈறு, பழைய தழும்பு எல்லாம் கறுக்கும், உப்புக்கு நாக்கு ஏங்கும், பொட்டாசியம் கூடும். பிட்யூட்டரி பழுதில் தோல் கறுக்காது, வெளிறும். பொட்டாசியம் அளவோடு இருக்கும். சோடியம் மட்டும் குறையலாம். அக்குள் முடி உதிர்வது, சவரம் செய்ய வேண்டிய நாள் தள்ளிப்போவது, குளிர் தாங்காதது ஆகியவை மற்ற பிட்யூட்டரி ஹார்மோன்களும் போய்விட்டதற்கு அடையாளம். அப்பாவிடம் இவற்றைக் கேளுங்கள், வெட்கப்பட்டுச் சொல்லமாட்டார்.

பரிசோதனை காலை 8 மணி ரத்தத்தில். கார்ட்டிசோல் 3 மைக்ரோகிராமுக்குக் கீழே (டெசிலிட்டருக்கு) என்றால் குறைபாடு ஏறக்குறைய உறுதி. 18-க்கு மேல் என்றால் கவலையில்லை. இடைப்பட்டால் சினாக்தென் (செயற்கை ஏசிடிஎச்) 250 மைக்ரோகிராம் ஊசி போட்டு 30, 60 நிமிடத்தில் மறுபடி எடுப்பார்கள். கடித்த சில வாரங்களுக்குள் செய்தால் இந்தச் சோதனை ஏமாற்றும்: அட்ரினல் இன்னும் சுருங்கியிருக்காது, ஊசிக்கு நன்றாகவே பதில் சொல்லும். ஏசிடிஎச் அளவையும் தைராய்டையும் சேர்த்தே பார்க்கச் சொல்லுங்கள்.

மருந்து ஹைட்ரோகார்ட்டிசோன் (கார்ட்டிசோலேதான், மாத்திரையாக), பொதுவாக நாளுக்கு 15 முதல் 25 மில்லிகிராம். எழுந்ததும் பெரிய பங்கு, மத்தியானமும் மாலையும் மிச்சம். இரவில் போட்டால் தூக்கம் கெடும். கிடைக்காத ஊரில் காலையில் ஒரு வேளை பிரெட்னிசோலோன் 3 முதல் 5 மில்லிகிராம் கொடுப்பதுண்டு. வெளி அடுக்கு உயிரோடு இருப்பதால் ஆல்டோஸ்டிரோனுக்குப் பதிலாகத் தரும் ஃபுளூட்ரோகார்ட்டிசோன் தேவைப்படாது. தைராய்டு குறைவு என்று தைராக்ஸினை மட்டும் முதலில் ஆரம்பித்தால் இருக்கிற கொஞ்சக் கார்ட்டிசோலும் வேகமாகச் செலவழிந்து ஆள் சரிந்துவிடுவார். ஹைட்ரோகார்ட்டிசோன் முதலில், தைராக்ஸின் பிறகு. இந்த வரிசை மாறவே கூடாது.

காய்ச்சல் 38 டிகிரி தாண்டினால் மாத்திரை இரண்டு மடங்கு, 39 தாண்டினால் மூன்று மடங்கு, காய்ச்சல் விடும்வரை. போட்ட அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி போடவேண்டும். அதுவும் நிற்கவில்லை என்றால் 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி, சலைன், சர்க்கரை அளவு பார்ப்பது, எல்லாம் உடனே. பிறகு டிபியே வந்து ரிஃபாம்பிசின் எழுதினால், அது கார்ட்டிசோலை ஈரலில் வேகமாகக் கரைக்கும். ஹைட்ரோகார்ட்டிசோன் அளவை டாக்டர் கூட்டியாக வேண்டும். தீமிதி விரதம் இருக்கிறேன் என்று மாத்திரையை நிறுத்தவிடாதீர்கள். தண்ணீர் குடிக்காத விரதமும் அவருக்கு இனி வேண்டாம்.

கடையில் உடம்புவலிக்குக் கலந்து கட்டித் தரும் மாத்திரைப் பொட்டலத்தை வாங்கினாரா என்றும் விசாரியுங்கள். அதில் டெக்சாமெத்தசோன் (கார்ட்டிசோல் போல் வேலை செய்யும் ஸ்டீராய்டு) இருந்தால் அதுவே பிட்யூட்டரியை அடக்கிவைக்கும். பாம்பின் மேல் பழி போடுமுன் அதை விலக்கவேண்டும். சில நாள் தெம்பாக இருந்து, பொட்டலம் நின்றதும் விழுவது இதன் கைங்கரியம்.

சட்டைப்பையில் ஒரு அட்டை எப்போதும் இருக்கட்டும்: நோயின் பெயர், மருந்தின் அளவு, 'மயங்கினால் ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மில்லிகிராம் ஊசி' என்ற வரி. தமிழில் எழுதினால் ஊர் ஆஸ்பத்திரியில் படிக்க ஆள் இருக்காது, பர்மிய மொழியில் டாக்டரிடமே எழுதி வாங்குங்கள்.